டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதாதா?

கேள்வி இது: செச்சன்யா மாதிரி இடங்களில் மாட்டிக்கொள்ளும் தன்பாலீர்ப்பாளர்களை ஆர்வலர்கள் எப்படி வெளியே கொண்டுவருகிறார்கள்? அது ரஷ்யாவுக்குள் இருக்கும் ஒரு குடியரசுதானே, ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்து மாஸ்கோவுக்கு ஏற்றிவிட்டால் போதாதா, எதற்கு இத்தனை ரகசியம், வெளிநாட்டு விசா, மாதக்கணக்கில் காத்திருப்பு?

நியாயமான கேள்விதான். செச்சன்யத் தலைநகர் க்ரோஸ்னியில் விமானம் ஏறினால் அன்றே மாஸ்கோவில் இறங்கிவிடலாம், நடுவில் எல்லைச் சாவடி கிடையாது, உள்நாட்டு அடையாளச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும். ஆனால் இந்த மீட்பு வேலையில் சிரமம் தூரத்தில் இல்லை, துரத்துகிறவர் யார் என்பதில் இருக்கிறது. துரத்துவது போலீஸ் மட்டும் என்றால் ஊர் மாறி ஒளிந்துகொள்ளலாம். இங்கே துரத்துவது அப்பா, சித்தப்பா, அண்ணன், ஒன்றுவிட்ட தம்பி. அவர்களுக்குக் கைகொடுக்கப் போலீஸ் பின்னால் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஏப்ரல் 1 அன்று மாஸ்கோவிலிருந்து அப்போது வெளிவந்த நோவயா கஸேத்தா பத்திரிகையில் எலேனா மிலாஷினா ஒரு செய்தி எழுதினார். செச்சன்யாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைத் தன்பாலீர்ப்பாளர்கள் என்ற சந்தேகத்தில் பிடித்துப்போயிருக்கிறார்கள், குறைந்தது 3 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். தேதியைப் பார்த்துப் பலர் ஏப்ரல் முட்டாள் விளையாட்டோ என்றுகூட நினைத்திருக்கலாம். செச்சன்யத் தலைவர் ரம்ஸான் காதிரோவின் செய்தித் தொடர்பாளர் சொன்ன மறுப்பைப் படித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் போயிருக்கும். இல்லாத ஆட்களை எப்படிக் கைது செய்ய முடியும், அப்படிப்பட்டவர்கள் இங்கே கிடையாது, ஒருவேளை இருந்திருந்தால் போலீஸ் தலையிட வேண்டிய அவசியமே வந்திருக்காது, திரும்பி வரமுடியாத இடத்துக்கு அவர்கள் உறவினர்களே அனுப்பிவைத்திருப்பார்கள் என்பதுதான் அவர் சொன்னது. மறுப்பு என்ற பெயரில் ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்துவிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிடித்தவர்களை அடைத்துவைத்த இடங்களில் ஒன்று அர்குன் நகரத்தில் இருந்த பழைய ராணுவ அலுவலகக் கட்டடம். அங்கே அடி, மின்சாரம் பாய்ச்சுவது, பட்டினி எல்லாம் நடந்ததாகத் தப்பிவந்தவர்கள் தனித்தனியாகச் சொன்னது ஒன்றோடொன்று பொருந்திப்போனது. சித்திரவதையின் நோக்கம் தண்டனை மட்டும் அல்ல, பெயர் வாங்குவது. பிடிபட்டவரின் செல்போனைத் திறக்கவைத்து, அதிலிருக்கும் எண்களையும் படங்களையும் அரட்டைகளையும் வைத்து அடுத்த ஆளைப் பிடிப்பார்கள், அவருடைய போனிலிருந்து அதற்கடுத்தவரை. அடியெல்லாம் முடிந்தபிறகு பலரை வீட்டாரை வரவழைத்து ஒப்படைத்தார்கள், உங்கள் பிள்ளை இப்படிப்பட்டவன், குடும்ப மானத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு. நம் ஊரில் ஆணவக்கொலை என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே அதை அரசாங்கமே குடும்பத்தின் தலையில் கட்டியது.

ஆக, வெளியே விட்டுவிட்டார்கள் என்பதால் ஒருவர் பிழைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. சரியாக அந்தக் கட்டத்தில்தான் ஆர்வலர்களுக்கு அழைப்பு வரும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை மையமாகக் கொண்டு தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைக்காக வேலை செய்த ரஷ்ய எல்ஜிபிடி நெட்வொர்க், இந்தச் செய்தி வெளியான நாட்களிலேயே செச்சன்யாவில் ஆபத்தில் இருப்பவர்கள் எழுதுவதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியை அறிவித்தது. இகோர் கொச்செத்கோவ் அப்போது அதை நடத்தினார், டேவிட் இஸ்தெயேவ் நெருக்கடி நேர வேலைகளை ஒருங்கிணைத்தார். மாஸ்கோவில் ஒல்கா பரனோவா நடத்திய சமூக மையம் வந்து சேருகிறவர்களுக்குத் தங்குமிடம் பார்த்தது. இவர்கள் உளவுத்துறை ஆட்கள் இல்லை, ஆட்களை எல்லை கடத்தும் பயிற்சி எதுவும் பெற்றவர்களும் இல்லை. அதுவரை கருத்தரங்கு, சட்ட ஆலோசனை, மனநல உதவி என்று ஓடிக்கொண்டிருந்த சாதாரண அமைப்பு வேலைக்காரர்கள். ஒரே மாதத்தில் தலைமறைவு வீடுகள் நடத்தவேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் எழுதுகிறவர் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரா அல்லது வீட்டாரோ போலீஸோ வைத்த பொறியா என்று பார்க்கவேண்டும். இது மனசுக்குக் கஷ்டமான வேலை, ஏனென்றால் உடம்பெல்லாம் காயத்தோடு நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கவேண்டியிருக்கும். கேட்காமல் விட்டால் ஏற்கனவே ஒளிந்திருக்கும் மற்றவர்களின் வீடு காட்டிக்கொடுக்கப்படும். அப்புறம் ஊரை விட்டு வெளியேறுவது, வழியை எந்த ஆர்வலரும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. வெளியே வந்ததும் பழைய போன் போய்விடும், சிம் போய்விடும், சமூக வலைத்தளக் கணக்குகள் போய்விடும். பத்திரமாக இருக்கிறேன் என்று அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பக்கூட முடியாது, ஏனென்றால் அம்மாவின் போன் அண்ணன் கையில் இருக்கும். தங்கும் வீட்டின் முகவரி அங்கேயே தங்கியிருப்பவர்களில் சிலருக்கே தெரியாமல் வைத்திருப்பார்கள். மருத்துவர் ஒருவர் வந்து காயங்களைப் பார்ப்பார், அது சிகிச்சைக்கு மட்டும் அல்ல, பின்னாளில் தஞ்சம் கோரும்போது சாட்சியமாகவும் ஆகும். மனநல ஆலோசகர் வருவார். தற்கொலை முயற்சிகள் அந்த வீடுகளுக்குள்ளேயே நடந்திருக்கின்றன.

பெண்களைக் கொண்டுவருவது இதைவிடப் பல மடங்கு சிரமம். ஆண் ஒருவன் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பெண் கடைக்குப் போவதற்கே துணை வேண்டும், அடையாளச் சீட்டைத் தகப்பனோ கணவனோ பூட்டிவைத்திருப்பான், காணவில்லை என்று தெரிவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதோடு பெண்ணுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதி விரட்டுகிறேன் பேர்வழி என்று அடிப்பது, மனநல மருத்துவமனையில் போட்டு மருந்து ஏற்றுவது என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. 2017இல் உலகப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் ஆண்களைப் பற்றித்தான். பெண்களுக்கு நடப்பது நான்கு சுவருக்குள் நடப்பதால் கைது என்ற கணக்கிலேயே வராமல் போனது.

சரி, மாஸ்கோ வந்தாயிற்று, இனி என்ன பயம்? இங்கேதான் உங்கள் டிக்கெட் யோசனை உடைகிறது.

2021 பிப்ரவரியில் நிஷ்னி நோவ்கரத் என்ற ஊரில், செச்சன்யாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், எல்ஜிபிடி நெட்வொர்க் ஏற்பாடு செய்த வீட்டில் இருந்த இரண்டு இளம் சகோதரர்களைப் போலீஸ் வந்து பிடித்தது, காரில் ஏற்றி நேரே செச்சன்யாவுக்குக் கொண்டுபோனது. ஆயுதக் குழுவுக்கு உதவினார்கள் என்று வழக்கு. மறுவருடம் ஒருவருக்கு 8 ஆண்டு, இன்னொருவருக்கு 6 ஆண்டு சிறை. அதே 2021 ஜூன் 10 அன்று பக்கத்துக் குடியரசான தாகெஸ்தானின் மகச்சகலா நகரில், பெண்களுக்கான அடைக்கல வீடு ஒன்றில் தஞ்சம் புகுந்திருந்த செல்வாக்குள்ள செச்சன்யக் குடும்பத்தைச் சேர்ந்த 22 வயதுப் பெண் ஒருவரை, போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து இழுத்துப்போய்க் குடும்பத்திடம் சேர்த்தது. அவர் தன் விருப்பத்தின் பேரில் வந்திருக்கிறேன், என்னைத் தேடவேண்டாம் என்று முன்கூட்டியே காணொளியில் சொல்லிவைத்திருந்தார், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சில நாள் கழித்து செச்சன்ய தொலைக்காட்சியில் அவரை உட்காரவைத்து நலமாக இருக்கிறேன் என்று சொல்லவைத்தார்கள். கடத்தல் முயற்சியை முறியடித்தோம் என்றது செச்சன்ய அரசு. கடத்தியவர்களாம் அடைக்கல வீட்டுக்காரர்கள்!

இதற்கெல்லாம் பயன்படும் ஆயுதம் என்ன தெரியுமா, வெறும் புகார் மனு. வீட்டிலிருந்து கிளம்பிய மறுநாள் குடும்பம் போய் ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கும், அல்லது வீட்டு நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று. அவ்வளவுதான், பெயர் நாடு முழுக்கத் தேடப்படுவோர் பட்டியலில் ஏறிவிடும். அதற்குப் பிறகு ரயில் டிக்கெட், விமான நிலையம், கடவுச்சீட்டு அலுவலகம் என்று எங்கே அடையாளச் சீட்டை நீட்டினாலும் மணி அடிக்கும். வயதுவந்த ஒருவர் நேரில் போய் நான் காணாமல் போகவில்லை, வீட்டுக்குச் சொல்லாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தால் சட்டப்படி தேடுதல் முடியவேண்டும். நடைமுறையில் அந்த வாக்குமூலம் கொடுக்கப் போன காவல் நிலைய வாசலிலேயே உறவினர்கள் கார் நிற்கும். அதனால்தான் ஆர்வலர்கள் கூடவே வக்கீலையும் அனுப்புகிறார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், ஆம், கேட்ட கதைதான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் தொண்டு நிறுவனம் ஒன்றின் உதவியோடு தங்கியிருந்தபோது, அவர்கள் வீட்டார் கொடுத்ததும் காணவில்லை என்ற புகார்தான். போலீஸ் தேடிவந்தது. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி உளவியலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து உத்தரவு எழுதினார். இப்படிக் காணவில்லை என்ற புகார் வந்து, சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்த பால்புதுமையர்கள் (எல்ஜிபிடி மக்கள்), விருப்பப்பட்டே போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த உத்தரவின் தேதி 2021 ஜூன் 7. மகச்சகலாவில் கதவு உடைபட்டது அதே வாரத்தில். புகார் ஒன்றேதான், அதை வாங்கிய போலீஸுக்கு மேலே நீதிமன்றம் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே ரஷ்யாவுக்குள் எங்கே வைத்தாலும் அது தற்காலிகம். வெளிநாடு போயாகவேண்டும். அங்கே இன்னொரு முடிச்சு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி ஒருவர் தன் நாட்டுக்கு வெளியே இருந்தால்தான் அகதி. மாஸ்கோவில் ஒளிந்திருக்கும் செச்சன்யர் தன் சொந்த நாட்டுக்குள்தானே இருக்கிறார், சட்டத்தின் கண்ணில் அவர் அகதியே அல்ல. வெளியே போக விசா வேண்டும், விசா கேட்டால் வேலை, வங்கிக் கணக்கு, திரும்பிவருவதற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள், ஒளிந்திருப்பவரிடம் ஏது இதெல்லாம். பலரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டே கிடையாது. ஆக எந்த நாடாவது மனது வைத்து, விதிகளுக்குள் இருக்கும் சின்னச் சந்து வழியாக விசா கொடுத்தால்தான் உண்டு. மே 2017இல் லிதுவேனியா முதலில் இரண்டு பேருக்குக் கொடுத்து அதை வெளிப்படையாக அறிவித்தது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் சிலரை எடுத்துக்கொண்டன. கனடாதான் ஓசைப்படாமல் பெரிய எண்ணிக்கையில் எடுத்தது. டொரன்டோவில் 2006இல் தொடங்கப்பட்ட ரெயின்போ ரெயில்ரோட் அமைப்பும் கனடா வெளியுறவுத் துறையும் சேர்ந்து, மூன்றே மாதத்தில் 30 பேருக்கு மேல் கொண்டுவந்துவிட்டார்கள், செப்டம்பரில் பத்திரிகையில் வரும்வரை வெளியே மூச்சு விடவில்லை. ரஷ்யாவோடு உரசல் வரும், வழி அடைபடும் என்று பயம். இதிலே வேடிக்கை, அந்த ஜூலையில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த காதிரோவ், எங்களிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லை, இருந்தால் கனடாவுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்ன நேரத்தில் அது நடந்துகொண்டேதான் இருந்தது.

2020 வாக்கில் நெட்வொர்க் வெளியே கொண்டுவந்தவர்களின் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. பெரிய எண்ணிக்கையாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் பல மாத வாடகை, சாப்பாடு, மருந்து, வக்கீல், பத்து இருபது மின்னஞ்சலில் கெஞ்சிய விசா என்று ஒரு கதை இருக்கிறது. அதைவிட, அந்தக் காத்திருப்பு. இதைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஒன்று 2020இல் வந்தது, டேவிட் ஃபிரான்ஸ் இயக்கியது, தப்பியவர்களின் முகத்தின் மேல் கணினி உத்தியால் நியூயார்க்கில் முன்வந்த தன்னார்வலர்களின் முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். அதில் 21 வயதுப் பெண் ஒருவர் வருவார். உயர் அதிகாரியின் மகள், என்னோடு படு, இல்லாவிட்டால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று சித்தப்பா மிரட்டியதால் ஓடிவந்தவர். அவரை ரஷ்யாவுக்கு வெளியே ஒரு நாட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வைத்தார்கள், வாசலைத் தாண்டக்கூடாது, விசா வரும்வரை. மாதங்கள் போயின. ஒரு கட்டத்தில் அவர் பொறுக்கமுடியாமல் அந்த வீட்டை விட்டே போய்விட்டார். ஆர்வலர்களைக் குறை சொல்பவர்கள் உண்டு, அந்தப் பெண்ணைக் குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பேர் மேலும் குறை இல்லை. மாதக்கணக்கில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் மேலும், ஒரு விசாவுக்கு அத்தனை மாதம் எடுத்துக்கொண்ட தூதரகங்கள் மேலும்தான் கோபம்.

வெளிநாட்டில் இறங்கினாலும் நிரூபணம் என்று ஒன்று பாக்கி இருக்கும். ஈழத்திலிருந்து போய் கேஸ் எழுதிக்கொடுத்து இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்காவது ஊர்ப்பெயர், சம்பவம், இறந்தவர் பெயர் என்று காட்ட ஏதாவது இருந்தது. வாழ்நாள் முழுக்க மறைத்தே பிழைத்த ஒருவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை எதை வைத்துக் காட்டுவார்? ஐரோப்பாவில் சில அதிகாரிகள் அந்தரங்கமான கேள்விகள், பரிசோதனைகள், படங்கள் என்றெல்லாம் கேட்டதால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் அதைத் தடுத்தது, 2018இல் உளவியல் சோதனை வைத்துத் தீர்மானிப்பதும் கூடாது என்றது. பிரிட்டனில் 2010 வரை, ஊருக்குத் திரும்பிப் போய் அடக்கமாக மறைத்துக்கொண்டு இருந்தால் ஆபத்து வராதே என்று மனுவைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் இருந்தது. உச்ச நீதிமன்றம்தான் அதை முடித்துவைத்தது.

நீதி கிடைத்ததா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிடிபட்ட நூற்றுக்கணக்கானோரில் முதன்முதலாகப் பெயரும் முகமும் காட்டிப் பேசியவர் மக்சிம் லாபுனோவ், 2017 அக்டோபரில். அவரால் ஏன் முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அவர் செச்சன்யர் இல்லை, சைபீரியாவிலிருந்து பிழைக்கவந்து க்ரோஸ்னியில் பலூன் விற்றுக்கொண்டிருந்த ரஷ்யர். அவரைப் பிடித்து ஏறக்குறைய இரண்டு வாரம் அடைத்துவைத்து அடித்தார்கள். ஆனால் செச்சன்யாவில் அவர் பேச்சுக்குப் பழி சுமக்க அவருக்கு அண்ணன் தம்பி இல்லை. செச்சன்யர் ஒருவர் முகம் காட்டினால் அவர் கனடாவில் இருந்தாலும் ஊரில் இருக்கும் தங்கைக்குக் கல்யாணம் நடக்காது, தம்பியைப் போலீஸ் தூக்கும். லாபுனோவின் புகாரின் மேல் ரஷ்யா வழக்கே பதியவில்லை. அவரும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டிவந்தது. 2023 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் சித்திரவதை செய்யப்பட்டார், அவருடைய பாலீர்ப்பே காரணம் என்று தீர்ப்பளித்தது. ரஷ்யா அதற்குள் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து விலகி, அதன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

உதவியவர்கள் நிலை? 2018 டிசம்பரில் மறுபடி ஒரு கைது அலை, சுமார் 40 பேர், குறைந்தது 2 பேர் இறந்ததாக நெட்வொர்க் சொன்னது. 2021 நவம்பரில் அந்த அமைப்பையே வெளிநாட்டு முகவர் பட்டியலில், அதாவது வெளிநாட்டுக்கு வேலை செய்பவர்கள் என்று முத்திரை குத்தும் அரசுப் பட்டியலில் சேர்த்தார்கள். செச்சன்யா, தாகெஸ்தான் எல்லாம் அடங்கிய வடக்கு காகசஸ் பகுதிக்கான அதன் பிரிவு எஸ்கே எஸ்ஓஎஸ் என்ற தனிக் குழுவாக இயங்கத் தொடங்கியது. 2023 ஜூலையில், முதல் செய்தியை எழுதிய மிலாஷினா ஒரு தீர்ப்பைக் கேட்க க்ரோஸ்னி போனபோது விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரை மறித்து அடித்து, தலையை மழித்து, பச்சை நிறக் கிருமிநாசினியை ஊற்றி அனுப்பினார்கள். அந்த நவம்பர் 30 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் சர்வதேச எல்ஜிபிடி இயக்கம் என்று ஒன்றைத் தீவிரவாத அமைப்பாக அறிவித்தது. அப்படி ஒரு அமைப்பு எங்குமே பதிவாகவில்லை, உறுப்பினர் பட்டியல் கிடையாது, அதனால் யாரை வேண்டுமானாலும் உறுப்பினர் ஆக்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு பேரை ஒளித்துவைப்பது இப்போது சிறைக்குரிய குற்றமாகக் கூடும். அதனால் வேலையில் பாதி ரஷ்யாவுக்கு வெளியே இருந்துகொண்டுதான் நடக்கிறது. மீட்கப்பட வேண்டியவர்களைப் போலவே மீட்டவர்களில் பலரும் நாடு விட்டு நாடு போய்விட்டார்கள்.

கடைசியாக, செச்சன்யாவை விட்டு வெளியே வந்துவிட்டால் முடிந்ததா என்பதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன். நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வராமல் இருந்தால் நம் பக்கம் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும், அங்கே அது இன்னும் கடுமை. ஜெலிம் பகாயெவ் என்ற 25 வயதுப் பாடகர் மாஸ்கோவில் இருந்தவர், 2017 ஆகஸ்டில் தங்கை கல்யாணத்துக்காக க்ரோஸ்னி போனார், பட்டப்பகலில் நடுத்தெருவில் காணாமல் போனார், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் தன்பாலீர்ப்பாளர் என்ற சந்தேகத்தில் பிடித்தார்கள் என்று ஆர்வலர்கள் சொன்னார்கள். குடும்பத்துக்காரர்களே பார்த்திருப்பார்கள் என்ற தொனியில் காதிரோவ் பேசினார். இன்னொருவர் நெதர்லாந்தில் தஞ்சம் கிடைத்து வாழ்ந்துவந்த இளைஞர். அப்பா இறந்த செய்தி வந்தது. எல்லாம் தெரிந்தும் அடக்கத்துக்குப் போனார். திரும்பி நெதர்லாந்து போக 2023 பிப்ரவரியில் மாஸ்கோவின் தமோதேதவா விமான நிலையத்தில் அடையாளச் சீட்டை நீட்டியபோது நிறுத்திவைத்தார்கள், ஆர்வலர்கள் அனுப்பிய வக்கீல் போய்ச் சேர்ந்தும் தடுக்க முடியவில்லை, செச்சன்ய போலீஸிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.